தயார் அண்ணாச்சி

செண்பகவல்லி ஆபீஸ் கம்ப்யூட்டரின் கருப்புத் திரையில் ஒரு வரி அடித்து, அதற்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வீஸை நிறுத்திய மறுநாள் காலையில், நல்லூத்துப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முப்பிடாதியின் டீக்கடை பெஞ்சில் அது உட்கார்ந்திருந்தது. அது என்று சொல்வது மரியாதையில்லை, உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயது மதிக்கலாம், வெயிலே படாத ஆளின் வெளுப்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கழுத்துப் பட்டன் வரை பூட்டிய சட்டை, மடியில் ஒரு மஞ்சள் பை, இடுப்பில் யானைக்கு மணி கட்டினாற்போல் ஒரு சாவிக்கொத்து, பேர் என்ன என்று முப்பிடாதி கேட்டதற்கு "தயார்" என்றார், எந்த ஊர் என்று கேட்டதற்கும் "தயார்" என்றார், டீ சாப்பிடுதீகளா என்றதற்கும் அதையே சொன்னார், முப்பிடாதி கிளாஸைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மேற்கே மலையில் சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. "உரக்கடை மாடியில ராஜாசிங் கம்பெனி இருக்குல்லா, அங்க கம்ப்யூட்டருக்குள்ள இருந்தவராம், நேத்து நிறுத்திட்டாகளாம்" என்று ஒருவர் சொல்ல, "அதான் ஆளு வெளிய வந்து பாத்ததே இல்ல" என்று இன்னொருவர் சொல்ல, செய்தி மீன் வண்டியின் பின்னாலேயே தெருத்தெருவாகப் போய், செண்பகம் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மதினியின் வாய்க்கு வந்து சேர்ந்திருந்தது.

"ஏட்டி, அந்த மனுசன நிறுத்தினது நீதானாமே? ஒரு சால்வையாவது போட்டு அனுப்பிருக்கக் கூடாதா?"

"அது மனுசன் இல்ல மதினி. கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற ஒண்ணு."

"அவ்வளவு வருசம் ஓடினவருக்குக் கால் வலிக்காதா? உங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நிறுத்தினியா?"

இல்லை, கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்காமல் நடந்த முதல் காரியம் அதுதான்.

செண்பகத்துக்கு அவரைத் தெரியும். பார்த்ததில்லை, ஆனால் தெரியும். யூரியா வாசம் படியேறி வருகிற அந்த மாடி அறையிலிருந்துதான் ராஜாசிங் அரிசி ஆலைகளுக்கும் மினி பஸ் முதலாளிகளுக்கும் சாஃப்ட்வேர் செய்து அனுப்புகிறார். இங்கே நன்றாக ஓடுகிற சாஃப்ட்வேர் வெளியூர் கம்ப்யூட்டருக்குப் போனதும் தண்ணீர் ஒத்துக்கொள்ளாத பிள்ளை மாதிரி படுத்துவிடும் என்பதால், அதற்குப் பழக்கமான தண்ணீர், தலையணை, விளக்கு, விளக்குக்குத் திரி என்று சகலத்தையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கட்டுக்கு கன்டெய்னர் இமேஜ் என்று பேர். கட்டுவதற்கு ஒரு செய்முறை உண்டு, வரிக்கு ஓர் அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று. அந்தச் செய்முறையை வாங்கிக் கட்டித் தருவதற்கென்றே மெஷினுக்குள் பின்னால் ஒரு சர்வீஸ் இராப்பகலாக நின்றுகொண்டிருந்தது. யாருக்கு எது கட்ட வேண்டுமென்றாலும் அதனிடம்தான் சொல்ல வேண்டும். மெஷினின் மொத்தச் சாவியும் அதன் இடுப்பில்தான். ஒருமுறை போட்ட அடுக்கை அது மறுபடி போடாது, எடுத்து வைத்திருந்ததை எடுத்து அடுக்கும். ஆனால் முன்வரியில் ஓர் எழுத்து மாறிவிட்டால் போதும், அந்த வரியிலிருந்து பின்னால் உள்ள அத்தனையையும் கலைத்துப்போட்டுத் திரும்பவும் கட்டும். ராஜாசிங்குக்கு ஒரு பழக்கம், கட்டு முடியப்போகிற நேரம் பார்த்து முதல் வரிக்குப் போய் கம்பெனிப் பேருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வருவார்.

"சார், மாறாதத முதல்ல வைங்க, மாறுறதக் கடைசியில வைங்க சார். எத்தன தடவ சொல்லுதது?"

"புள்ளி வச்சா ஒரு கம்பீரமா இருக்கும்மா."

அந்தப் புள்ளிக்காக எல்லாம் கலைந்து மீண்டும் முதலிலிருந்து ஏறும். நடுவில் சர்வீஸுக்கு மயக்கம் வந்துவிட்டால் ஆபீஸே கையைக் கட்டிக்கொண்டு முப்பிடாதி கடைக்கு இறங்கிவிடும். செண்பகம் அங்கங்கே படித்து, வீடியோ பார்த்து, கெடுத்து, திருத்தி, வேறொரு வழி கண்டுபிடித்தாள்: பின்னால் யாரும் நிற்க வேண்டாம், கமாண்ட் அடித்தால் அந்தக் கமாண்டே செய்முறையை வாசித்து, அடுக்கு போட்டு, கட்டி முடித்து, சத்தமில்லாமல் போய்விடும், மொத்தச் சாவியும் தேவையில்லை, அவரவர் அறைச் சாவி போதும். துறைமுகத்து வாடிக்கையாளர் ஒருவர், எவர் கையிலும் மொத்தச் சாவி இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல, ராஜாசிங் சம்மதிக்க, செண்பகம் அன்று மாலை அந்த ஒரு வரியை அடித்தாள். அடித்த விரல் கொஞ்ச நேரம் பட்டன் மேலேயே இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

இப்போது பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து "தயார்" என்றார். எத்தனையோ காலைகளில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையில் முதலில் வந்து நின்ற சொல். அதற்கு இப்படி ஒரு சளி கட்டிய குரல் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

ஊர் அவரை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், பஸ் ஸ்டாண்டுக்குப் புதிதாக ஒரு தண்ணீர்க் குழாய் வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி: முதல் நாள் தள்ளி நின்று பார்த்தார்கள், மறுநாள் தொட்டுப் பார்த்தார்கள், அதற்கடுத்த நாள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். முப்பிடாதிதான் ஆரம்பித்து வைத்தது. கூட்ட நேரத்தில் ஏதோ வாய்க்கு வந்தபடி, "அண்ணாச்சி, பாலக் காய்ச்சி, டிக்காஷன் இறக்கி, சீனி போட்டு ஒரு ஆத்து ஆத்துங்களேன்" என்று சொல்ல, அவர் எழுந்து காய்ச்சி, இறக்கி, போட்டு, ஆற்றிக் கொடுத்தார். அடுத்த டீக்குப் பாலையும் டிக்காஷனையும் அடுப்பிலிருந்து எடுக்காமல் மஞ்சள் பையிலிருந்து ஆவி பறக்க எடுத்தார், சீனி மட்டும் புதிதாகப் போட்டார். சாயங்காலத்துக்குள் அவர் தயார் அண்ணாச்சி ஆகிவிட்டார். தெருப் பெண்கள் கோலத்துக்கு வரச் சொன்னார்கள்; ஒரு வாசலில் வைத்த புள்ளிகளை அப்படியே பாய் மாதிரி சுருட்டிப் பையில் போட்டு அடுத்த வாசலில் விரித்தார். சலூன்காரர் கூப்பிட்டார், சோப்பு நுரை பூசுகிற வேலை அன்றோடு ஒழிந்தது, பையிலிருந்து நுரையோடேயே முகங்கள் வந்தன. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு நேற்றைய பிரார்த்தனையை எடுத்து வைத்தார், பிள்ளைகள் நேராக வகுப்புக்குப் போனார்கள், தலைமை ஆசிரியருக்கு மட்டும் பேச ஒன்றும் இல்லாமல் வாய் ஒரு மாதிரி இருந்தது. பாகப்பிரிவினைச் சண்டையில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டு வைத்திருந்த கிணற்றடிக் கதவை, யாரோ போகிற போக்கில் சொல்ல, இடுப்புக் கொத்தில் ஒரு சாவியைத் தேடித் திறந்துவிட்டார். திறந்துவிட்டதால் இரண்டு பேரும் வேறு வழியில்லாமல் பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று, அதற்காக அவரை இரண்டு பேரும் சேர்ந்து திட்டினார்கள், அதுவும் ஒற்றுமைதான்.

சால்வை போட்டார்கள். ஊரில் இருந்த எல்லாச் சங்கங்களும் தனித்தனியாக வந்து, மூக்கைப் பார்த்தாலே தெரிகிறது, இவர் எங்கள் ஆட்களில் ஒருவர்தான் என்று சொல்லிவிட்டுப் போயின. எல்லோருக்கும் அவர் "தயார்" என்றார், எல்லோருக்கும் திருப்தி.

ஒன்று மட்டும் செண்பகத்தின் கண்ணில் பட்டது. ஒரு நாள் முப்பிடாதி தனக்கென்று தானே ஒரு டீ போட்டு மேஜையில் வைத்தார். அண்ணாச்சி அந்த இடத்திலேயே, அந்த கிளாஸ் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல், இன்னொரு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார், இரண்டும் இடித்து டீ கொட்டிற்று. தான் செய்யாத எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. செண்பகம் புது வழியில் கட்டிய கட்டுகளும் பழைய சர்வீஸின் இருப்புப் பட்டியலில் என்றைக்குமே தெரிந்ததில்லை. அவள் சிரித்துக்கொண்டாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால் ஊரில் இப்போது யாரும் எதையும் தானாகச் செய்வதில்லை. கைகள் எல்லோருக்கும் இருந்தன, அவற்றை இடுப்பில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் நின்றார்கள். பஸ்ஸை எடுக்க டிரைவர் அண்ணாச்சியிடம் சொன்னார், அண்ணாச்சி போய் எடுத்தார், டிரைவர் பின் சீட்டில் உட்கார்ந்து போனார். குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடத் தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு மத்தியானம் கரண்டுக் கம்பியில் ஓர் அணில் தலைகீழாக நடந்ததை அண்ணாச்சி பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். அணில் கம்பி மாறி, கம்பம் இறங்கி, வேப்பமரத்துக்குள் போகும்வரை நல்லூத்துப்பேட்டையில் பால் பொங்கவில்லை, பஸ் நகரவில்லை, சலூனில் பாதி முகம் நுரையோடு ஒருவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சிக்கு என்ன செய்யுதுன்னு தெரியலயே" என்று ஊர் கவலைப்பட்டது. "அதுக்கு யாரட்ட சொல்லுதது?" என்று ஒருவர் கேட்டார். அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

இந்த மாதிரி நிற்பது செண்பகத்துக்குப் புதிதல்ல. அவள் நாற்பத்தொரு வயதுவரை அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டில் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவளுடைய அண்ணன் கோமதிநாயகம். மிளகாய் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார், நல்ல மனிதர், ஒருவரையும் ஒரு சொல் கடிந்து சொல்ல மாட்டார், மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார். எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். வெள்ளையடிக்க வேண்டும் என்றால் பாப்போம், பல் பிடுங்க வேண்டும் என்றால் பாப்போம், செண்பகத்தைப் பெண் கேட்டு வந்த வீடுகளுக்கெல்லாம் காப்பி கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பி, பாப்போம். அந்த வீடுகளின் மாப்பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது மகன் மகள் கல்யாணம் நடக்கிறது.

ஆவுடையப்பன் அப்படி வந்தவர் இல்லை. காற்றாலைகளில் ஏறி எண்ணெய் போட்டு, போல்ட் முறுக்கி, இறங்கி வருகிற வேலை அவருக்கு. தலை நரைத்தவர், மனைவியை இழந்து பல காலம் ஆனவர். தன் கம்பெனியின் மின் இணைப்புக் கணக்கு சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று ராஜாசிங் ஆபீஸுக்கு வந்தார், ஓடிய பிறகும் வந்தார், ஒருநாள் படியிறங்கும்போது திரும்பி நின்று, வீட்டில் யாரிடமும் கேட்காமல், அவளிடமே கேட்டார். அவள் சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டு அண்ணனிடம் கேட்கப் போனாள்.

"என்ன சொல்லுதாரு உங்க அண்ணன்?"

"பாப்போம்னு சொல்லுதாரு."

"சித்திரையிலயும் அதத்தான சொன்னாரு?"

"இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு."

"எதப் பாக்காரு? என்னைய பக்கத்துல பாத்துட்டாரு. வேணும்னா காத்தாடி மேல ஏறி நிக்கேன், தூரத்துல இருந்து ஒருக்க பாக்கச் சொல்லு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கார்த்திகை பிறந்ததும் அவரை வடக்கே வெகுதூரம் கட்ச் பக்கம் போகச் சொல்லிக் கம்பெனி உத்தரவு போட்டுவிட்டது, அங்கே புதிதாகக் காற்றாலைகள் நடுகிறார்கள், திரும்பி வர வருஷக்கணக்காகும். "தனியாப் போனா அங்க காத்து இருக்கும் செண்பகம். வேற என்ன இருக்கும்?" என்றார். ஐப்பசியின் கடைசி முகூர்த்தம்தான் மிச்சம்.

அன்று சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருக்க, ஆபீஸ் முடிந்து வரும்போது அவள் பெஞ்சில் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரிசை கலைந்திருந்தது.

"எம்மேல வருத்தமா அண்ணாச்சி?"

"தயார்."

"நிறுத்தினது சரிதான். அதுல மாத்தம் இல்ல. ஆனா உங்கட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கணும்."

"தயார்" என்றார் அவர், ஆனால் கொஞ்சம் மெதுவாக. அவருடைய கைகள் மடியில் கிடந்தன, யாராவது ஏதாவது கொடுப்பார்கள் என்று காத்திருக்கிற கைகள். அவளுக்குத் தன் கைகளைப் பார்ப்பது போல இருந்தது, பார்வையை மாற்றிக்கொண்டாள்.

அந்த முகூர்த்தத்துக்குக் கோமதிநாயகம் சம்மதித்தார். ஊரில் இரண்டாவது அதிசயம் என்றால் அதுதான், ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. ஆயுள் முழுக்க எல்லோரும் அவரிடம் சொன்னார்கள். சொல்வதற்கு அவருக்கென்று ஓர் ஆள் கிடைத்தது இப்போதுதான். "தயார் அண்ணாச்சிட்ட சொல்லிட்டா அவரே முடிச்சிருவாரு, நமக்கு என்ன?" என்று அவரை வீட்டுக்கே கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்து, வெற்றிலை மடித்துக்கொண்டே செய்முறை சொன்னார்: "வாசல்ல வாழை கட்டணும். வந்தவுகளுக்குப் பன்னீர் தெளிச்சு உக்கார வைக்கணும். மாப்பிள்ளைக்கு மாலை போடணும். பொண்ணக் கூட்டிட்டு வரணும். தாலி கட்டணும். பந்தி போடணும்."

அடுக்களை வாசலில் நின்றிருந்த செண்பகம் ஓர் அடி முன்னால் வந்தாள். அவளுக்குத் தன் சொந்தக்காரர்களைத் தெரியும், அண்ணாச்சியையும் தெரியும்.

"அண்ணே, தாலிய முதல் வரியில வச்சிருங்களேன். வாழையக் கடைசியா கட்டிக்கிடலாம்."

"வாழ கட்டாம தாலி கட்டுவாகளாட்டி? ஊரு சிரிக்கும்."

"மாறாதது முதல்ல இருக்கணும்ண்ணே."

"பாப்போம்" என்றார் அண்ணன்.

கல்யாண மண்டபத்தில் எல்லாம் வரிசைப்படி நடந்தது, வாழை நின்றது, பன்னீர் தெளித்தாயிற்று, ஆவுடையப்பன் கழுத்தில் மாலை ஏறியது, செண்பகத்தை அண்ணாச்சி மணமேடைக்குக் கூட்டி வந்தார், அவள் உட்காரப் போகிற நேரத்தில் கோமதிநாயகம் வாசல்பக்கம் போய் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாழைக்கொல ரோட்டப் பாத்து இருக்கு, உள்ள பாத்து இருக்கட்டும்" என்று சொன்னார். சும்மாதான் சொன்னார். "தயார்" என்றார் அண்ணாச்சி.

வாழை அவிழ்ந்தது. அதோடு செண்பகம் அறைக்குத் திரும்பப் போக வேண்டியதாயிற்று, ஆவுடையப்பன் கழுத்திலிருந்து மாலை இறங்கியது, வந்திருந்த அத்தனை பேரும் எழுந்து வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கழற்றிவிட்டு, திரும்ப உள்ளே வந்து பன்னீர் வாங்கிக்கொண்டார்கள். யாரும் கோபப்படவில்லை, "நல்லா கவனிக்காக" என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாம் முறை செண்பகம் மேடை ஏறியபோது தாய்மாமா தொண்டையைக் கனைத்தார். முதல் பன்னீர் தாய்மாமனுக்குத்தான் விழ வேண்டும், அது சம்பந்தியோடு வந்த லாரி டிரைவர் மேல் விழுந்துவிட்டது, அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, சும்மா ஞாபகப்படுத்தினார். "தயார்." மறுபடி செருப்பு, மறுபடி பன்னீர். மூன்றாம் முறை மதினிக்கு மாலையில் சம்பங்கி குறைவாகத் தெரிந்தது. நான்காம் முறை கோமதிநாயகத்துக்கே முதலில் இருந்த வாழைதான் நன்றாக இருந்ததாகப் பட்டது. சட்டைகள் பன்னீரில் ஒட்டிக்கொண்டன. மேளக்காரர்கள் கெட்டிமேளத்துக்குக் கன்னத்தை உப்பிக்கொண்டு இறக்கிக்கொண்டு, உப்பிக்கொண்டு இறக்கிக்கொண்டு, வாய் நொந்து உட்கார்ந்திருந்தார்கள். பந்தி கடைசி வரி; அந்த வரி வரவே இல்லை; சமையல்கட்டில் சாம்பார் ஆடை கட்டியது.

"நல்ல நேரம் முடியப் போகுது ஐயா" என்றார் ஐயர்.

கோமதிநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், ஈரமாக மாலையில்லாமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். அடுத்த வாரம் அவருக்கு ரயில் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"தப்பினாத் தப்பட்டும். தையில ஒரு நாள் பாப்போம்."

மணப்பெண் அறையில் இருந்த செண்பகத்துக்கு அது கேட்டது. ஜன்னல் வழியாக, வாழையை மீண்டும் தூக்கிக்கொண்டு போகிற அண்ணாச்சியின் முதுகு தெரிந்தது. அவளைக் கூட்டிப் போக அவர் வர வேண்டும், அதற்கு முன்னால் மாலை வர வேண்டும், அதற்கு முன்னால் பன்னீர், அதற்கு முன்னால் வாழை. அவள் தன் ஆபீஸ் மேஜையை நினைத்தாள், கருப்புத் திரையில் ஒரு வரியை அடித்துவிட்டு, பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல், அது தானே கட்டி எழுவதைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் சாயங்காலங்களை. பிறகு கதவைத் திறந்துகொண்டு, கூட்டிப் போக யாரும் இல்லாமல், தானே நடந்து வந்தாள்.

மண்டபம் பாதி வெளியே செருப்பு போட்டுக்கொண்டிருந்தது. அவள் மேடை ஏறித் தட்டிலிருந்த தாலியை எடுத்து ஆவுடையப்பன் கையில் கொடுத்தாள்.

"கட்டுங்க."

"மாலை போடல..."

"பிறகு போட்டுக்கிடலாம்."

"உங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்த..."

"காத்தாடி மேல ஏறுறவருக்கு இவ்வளவு பயமா? கட்டுங்கங்கேன்."

கட்டினார். மேளம் இல்லை, யாரும் மேளத்துக்குச் சொல்லவில்லை; மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. முதல் முடிச்சு போட்டார், மற்ற முடிச்சுகளுக்கு அவருடைய அக்கா வெளியே செருப்பு தேடிக்கொண்டிருந்ததால் அவற்றையும் அவரே போட்டார், உயரத்தில் தொங்கி வேலை பார்க்கிறவன் தன் உயிருக்காகப் போடுகிற முடிச்சு, இழுத்துப் பார்த்தும் கொண்டார்.

அப்போதுதான் அண்ணாச்சி உள்ளே வந்தார். மண்டபம் மூச்சை அடக்கிக்கொண்டது, ஏனென்றால் அவர் கை திறக்காத பூட்டும் அவிழ்க்காத கட்டும் அந்த ஊரில் இல்லை. மணமேடைக்கு வந்தார். செண்பகத்தை அறைக்குத் திரும்ப அனுப்புவதற்கு முன்னால் அவள் மேல் தான் போட்ட அடுக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறவர்போல் குனிந்து பார்த்தார். மஞ்சள் பைக்குள் கைவிட்டுத் தேடினார். சாவிக்கொத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பார்வை தாலியின் மேல் வந்தது, நிற்க ஓர் இடம் கிடைக்காமல் வழுக்கிப் போனது, மறுபடி வந்தது. ஆவுடையப்பன் தன் முடிச்சின் மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டார்.

"இது நான் கட்டினது இல்ல" என்றார் அண்ணாச்சி.

அவர் வாயிலிருந்து "தயார்" தவிர ஊர் கேட்ட முதல் பேச்சு அது. சொல்லிவிட்டு, வேலையில்லாத கைகளோடு அங்கேயே நின்றார். தான் இல்லாமல் ஒரு காரியம் முடிந்துகிடப்பதை அவர் அதுவரை கண்டதில்லை. செண்பகம் அவர் முகத்தைப் பார்த்தாள். நிறுத்தினோமே தவிர முடிந்தது என்று இவரிடம் யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தாள்.

எழுந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்துப் பந்தி ஹாலுக்குக் கூட்டிப் போனாள்.

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். "அடுத்து?"

இலையை அவளே விரித்துத் தண்ணீர் தெளித்தாள். "சாப்பிடுங்க."

"அடுத்து?"

"அடுத்து ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. முடிஞ்சுது."

அவர் அந்தச் சொல்லை வாயில் வைத்து மென்று பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து இலைக்குப் பக்கத்தில், ஊறுகாய் வைக்கிற பக்கம், வைத்தார்.

இப்போது ஒரு சங்கடம் வந்தது. வாழையும் பன்னீரும் எக்கேடோ கெட்டுப் போகட்டும், எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாற வேண்டியவர் இலையில் உட்கார்ந்திருக்கிறார். கைகள் இடுப்பில் இருந்தன. சமையல்காரர் வாளியை வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு யார் முகத்தையாவது பார்த்தார். எல்லோரும் கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வாய் திறந்தது, திறந்த வாயில் அவருடைய சொல் வந்து நின்றது, ஆனால் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் அதை விழுங்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார். அது ரசம். சாம்பாருக்கு முன்னால் ரசம் ஊற்றினார், அதை இலையில் பாதியும் தாய்மாமா மடியில் பாதியும் ஊற்றினார், தாய்மாமா "எனக்குத்தான் முதல்ல" என்று சந்தோஷப்பட்டார். மதினி சாதத்தைத் தூக்கினாள். மேளக்காரர்களில் ஒருவர் அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டார். மெல்ல மெல்ல, நெடுநாள் படுக்கையில் கிடந்தவன் காலை ஊன்றிப் பார்ப்பதுபோல், நல்லூத்துப்பேட்டை தன் கைகளை எடுத்துப் பார்த்தது.

பாயசம் வந்தபோது தயார் அண்ணாச்சி சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். எச்சில் கை இலையிலேயே இருந்தது. குறட்டை கூட விட்டார், சின்னதாக. தூங்கி அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் குழந்தைகளை அதட்டி அடக்கிவிட்டு எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. பஸ்ஸை எடுக்க ஆள் இல்லை என்று டிரைவரே வந்து வாசலில் நின்றார். சலூன்காரர் வந்தார், ஒரு தாய் மூக்கொழுகும் பிள்ளையோடு வந்தாள், வாசலில் மறுபடி ஒரு வரிசை சேர்ந்தது.

கோமதிநாயகம் பாயச வாளியை இறக்கி வைத்தார். சட்டையெல்லாம் ரசம். வரிசையைப் பார்த்தார், தூங்குகிறவரைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், பிறகு மாலையே இல்லாத மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கைக்கு அருகே வந்து குனிந்து, அவளிடம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று கேட்டார்.

"ஏட்டி செண்பகம், எழுப்பட்டுமா?"

அவள் விரலில் ஒட்டியிருந்த சேமியாவை நக்கிக்கொண்டு, சாவகாசமாக அண்ணாச்சியைப் பார்த்தாள், வாசல் வரிசையைப் பார்த்தாள், அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

"பாப்போம்ண்ணே" என்றாள்.